படகுக் கொட்டிலின் பின்னால் ஓர் அடுப்பு

"உங்க வீட்டுல இதுக்கு முன்ன யாராவது ஆளுங்கள வச்சு வேலை வாங்கியிருக்காங்களா?"

நேர்முகத் தேர்வில் ஹோட்டல் முகாமையாளர் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி இது. என் சான்றிதழ்களை அவர் ஏற்கெனவே பார்த்து முடித்திருந்தார். அவற்றில் குறை அகப்படாததால் என் வீட்டுக்குள் தேடத் தொடங்கியிருந்தார்.

"இல்ல சேர்," என்றேன். "எங்கட வீட்டில எல்லாரும் வேலை செஞ்ச ஆக்கள்தான். வேலை வாங்கினவங்க என்னென்ன பிழை விட்டாங்க எண்டு எங்களுக்கு நல்லாத் தெரியும்."

அவர் சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

என் அப்பா பனிச்சங்கேணி ஆற்றில் வலை வீசுகிறவர். அம்மா கருவாடு போடுகிறவர். கையெழுத்துக் கேட்கும் இடங்களில் இரண்டு பேரும் பெருவிரலை நீட்டுவார்கள். எங்கள் குடும்பத்தில் உயர்தரம் எழுதி, அதற்கு மேல் ஹோட்டல் துறையில் டிப்ளோமாவும் முடித்த முதல் ஆள், அவர்களின் மகளான நான். அதில் பெருமையா என்று கேட்பவர்களுக்கு: ஆம், நிறைய. அடக்கம் பற்றியும் பாடசாலையில் ஒரு பாடம் இருந்தது. அந்தப் பாடத்தில் மட்டும் எனக்குப் புள்ளி குறைவு.

வேலை கிடைத்தது. திறமையைக் கண்டு மயங்கித் தந்தார்கள் என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், அந்த இடத்துக்குக் கொழும்பிலிருந்து வரவிருந்த ஒருவர், மட்டக்களப்பில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு என்ன இருக்கும் என்று தொலைபேசியில் கேட்டிருக்கிறார். "வாவி இருக்கும்" என்று வரவேற்பு மேசைப் பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டாள். அவர் அதன்பிறகு அழைக்கவில்லை. ஆகவே சாப்பாட்டுப் பகுதிக்கு நான் சுப்பர்வைசர் ஆனேன். முதலில் சில மாதம் பரீட்சார்த்தமாக. சரிவந்தால் நிரந்தரம்.

எங்கள் ஹோட்டல் வாவிக்கரையில் இருக்கிறது, ஆரையம்பதிக்குக் கொஞ்சம் தள்ளி. உள்ளே நுழைந்ததும் எல்லாருக்கும் முதலில் கண்ணில் படுவது வாவி. எங்கள் முகாமையாளருக்கு அது போதவில்லை. ஆகவே கூட்ட அறைச் சுவரில் ஒரு மரம் வரைந்து வைத்திருந்தார். அதன் பெயர் ஐடியா மரம்.

ஒவ்வொரு காலையும் அந்த மரத்தடியில் கூட்டம். வேலையை இன்னும் சிறப்பாகச் செய்ய யாரிடமாவது யோசனை இருந்தால் சொல்லலாம். சொன்னதும் முகாமையாளர், "சூப்பர்! இதுதான் எனக்கு வேணும்! இதுதான் டீம்!" என்பார். அதைப் பச்சைக் கடதாசி இலையில் எழுதி மரத்தில் ஒட்டுவார். எல்லாரும் மூன்று முறை கைதட்டுவோம். யோசனை சொன்னவரை மரத்தோடு நிற்க வைத்துப் படம் எடுப்பார். படம் தலைமை அலுவலகத்துக்குப் போகும். யோசனை மரத்தில் இருக்கும்.

நான் சேர்ந்தபோது மரம் நல்ல செழிப்பு. கீழ்க் கிளை இலைகள் வெளிறி மஞ்சளாகவே போயிருந்தன. ஒன்றில் 'படித்துறையில் மின்குமிழ்' என்றிருந்தது. படித்துறையில் அதுவரை இருட்டுத்தான். இன்னொன்றில் 'குசினிக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் நடுவில் இரண்டாவது கதவு'. கதவு ஒன்றுதான் இருந்தது. ஆனாலும் இரண்டு யோசனைக்கும் கைதட்டியாயிற்று, அதில் குறை சொல்ல முடியாது.

எங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்கள். செய்து காட்ட வேண்டிய யோசனைகளைச் சொல்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கேட்டால், யாருக்கும் எந்த வேலையும் வைக்காத யோசனைகளைச் சொல்வார்கள். நான் சேர்ந்த மாதத்தில் பரிசு வாங்கிய யோசனை, 'விருந்தினரை இன்னும் அன்பாகப் பார்க்கலாம்'. அதைச் சொன்னவர் காவலாளி. வாசலில் நாய்களைத் தவிர வேறு யாரையும் அவர் அதிகம் பார்ப்பதில்லை.

உண்மையான யோசனைகள் பின்பக்கக் குழாயடியில், தேத்தண்ணி நேரத்தில்தான் வந்தன. அங்கே மரம் இல்லை.

ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. மண்டூர் முருகன் கோயில் திருவிழா வந்தால் எங்கள் ஹோட்டல் நிறையும். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர் ஆட்கள் குடும்பத்தோடு வந்து தங்கி, தினமும் கோயிலுக்குப் போய்வருவார்கள். பெரும்பாலும் விரதம். மீன், இறைச்சி, முட்டை, மச்சம் என்று சொல்லக்கூடிய எதுவும் தொடமாட்டார்கள். எங்கள் ஹோட்டலிலும் அவர்களுக்குச் சைவச் சாப்பாடு உண்டு. அது எப்படிப்பட்ட சைவம் என்பது அன்று குழாயடியில்தான் எனக்குத் தெரியவந்தது.

"போன வருசம் லண்டன் மனுசி ஒராளுக்குச் சைவம் எண்டு ஒரு சம்பல் குடுத்தமே, ஞாபகமா?" என்று தொடங்கினார் குசினி அக்கா. ஆரையம்பதிக்காரி. அவர் இரகசியம் பேசினால் வாவிக்கு அக்கரையில் நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பார்.

"ஞாபகம் இல்லாம? அதுக்க மாசிக் கருவாட்டுத் தூள்," என்றார் மண்டூர் அண்ணன். சாப்பாடு பரிமாறுகிறவர்களில் மூத்தவர் அவர். கோயிலுக்குப் பக்கத்து வீடு. "அந்த மனுசி மறுகா போகுமட்டும் வாழைப்பழம்தான் சாப்பிட்டவ."

"மாசி போடாட்டி அது சம்பலா?" என்றார் செஃப் அண்ணன். நகரத்துக் கத்தோலிக்கர். எங்கள் குசினியின் தலைவர். "வெறும் தேங்காப்பூ."

"அதுதான் அண்ணன் உங்கள அந்தப் பக்கம் வராதீங்க எண்டு சொல்றம்," என்றார் அக்கா.

"நீங்க மட்டும் என்னவாம்? திருவிழா வந்தா நீங்க எல்லாரும் விரதம். மீன்கறியில உப்புப் பாக்க ஒரு வாய் இல்ல. போன வருசம் ஒரு ஜெர்மன்காரன் கறியத் திண்டுபோட்டு வாவித் தண்ணியிலயா சமைச்ச எண்டு கேட்டான்."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வருவதற்கு முன் விஷயம் விளங்கிவிட்டது. திருவிழாக் காலத்தில் எங்கள் குசினியில் பாதிப் பேர் விரதம். வீட்டிலிருந்து சாப்பாட்டுப் பெட்டி கொண்டு வருகிறார்கள், ஏனென்றால் ஹோட்டல் சைவத்தை அவர்களே நம்பமாட்டார்கள். அப்படிப்பட்ட விரதகாரர் மூக்கைப் பொத்திக்கொண்டு மீன் பொரிக்கிறார்கள். விரதம் இல்லாதவர்களோ மீன் கிளறிய அகப்பையால் பருப்பைக் கிளறி விரதகாரருக்குக் கொடுக்கிறார்கள். இதை ஒழுங்குசெய்ய ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப ஆளை மாத்தினாப் போதுமே," என்றேன். "விரதகாரர் எல்லாரும் சைவத்துக்கு. செஃப் அண்ணனும் மற்றவங்களும் மச்சத்துக்கு."

"ஆளை மாத்தினாப் போதா," என்றார் அக்கா. "அடுப்பும் தனியா, புறம்பா வேணும். சட்டியும் புறம்பு."

"படகுக் கொட்டில் சும்மாதானே கிடக்கு," என்றார் மண்டூர் அண்ணன்.

அதுவும் ஒரு காலத்தில் இலைதான். விருந்தினரை வாவியில் துடுப்புப் போட விடலாம் என்று யாரோ சொல்லி, கைதட்டி, சிவப்புப் பிளாஸ்டிக் படகுகளும் வாங்கி, அவற்றைக் கொட்டிலில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். ஓரளவுக்காவது செய்யப்பட்ட யோசனை என்பதால் எங்கள் ஹோட்டல் வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு.

"நாளைக்குக் கூட்டத்தில சொல்லட்டா?" என்றேன்.

அக்கா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார்.

"மரத்தில ஒட்டவா, இல்லாட்டிச் செய்யவா?"

"செய்ய."

"அவர் கைதட்டினாப்போல நீயும் சேர்ந்து தட்டிப்போட்டுப் போயிருவாய் புள்ள. உனக்கு முதல் இரிந்தவரும் அப்படித்தான்."

"நான் பொறுப்பு," என்றேன்.

சொன்ன பிறகுதான் அதன் பாரம் தெரிந்தது. இதுவும் ஒரு இலையாகப் போனால், இந்த ஆட்கள் இனி என்னிடம் 'அன்பாகப் பார்க்கலாம்' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதற்குப் பிறகு நான் நிரந்தரமாக்கப்பட்டாலும், நன்றாக அயர்ன் பண்ணிய உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்கும் ஒரு ஆள்தான். அப்படி ஒருவர் எங்களிடம் ஏற்கெனவே இருந்தார்.

கூட்டத்தில் சொன்னேன். முகாமையாளர் எழுந்தே நின்றுவிட்டார்.

"பிரில்லியண்ட்! இதுதான் கலாசாரம்! இதுதான் டீம்!"

இலை ஒட்டப்பட்டது. மூன்று கைதட்டல். படம் எடுக்கும்போது என் தோளை மரத்தின் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொன்னார்.

"எப்ப தொடங்குவம் சேர்?" என்றேன்.

அந்த அறையில் யாரும் அதுவரை கேட்காத கேள்வி அது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"அவசரப்படக் கூடாது. ஸ்டெப் பை ஸ்டெப். முதல்ல இங்லீஷ்ல ஒரு புரொபோசல் எழுதுங்க."

எழுதினேன். நல்ல ஆங்கிலம். ஆங்கிலத்திலும் எனக்குப் பெருமை உண்டு. அதை வாசித்துவிட்டு, இதற்கு ஒரு பெயர் வேண்டும் என்றார். பெயருக்கு ஊழியர்களிடையே போட்டி வைத்தார். செஃப் அண்ணன், 'மாசி இல்லாத கொட்டில்' என்று எழுதிப் போட்டார். பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் முகாமையாளர் தாமே ஒரு பெயர் வைத்துத் தாமே வென்றார்: 'லகூன் பியூர் வெஜ் எக்ஸ்பீரியன்ஸ்'. பிறகு அதற்கொரு சின்னம். வாழையிலையும் வேலும் வரைந்து கொழும்பிலிருந்து அனுப்பினார்கள். வாழையிலை பச்சையாக இருந்தால் ஹோட்டலின் நிறத்தோடு ஒத்துவராது என்று நீல வாழையிலை. அதன்பிறகு ஒரு பெரிய பதாகை அச்சாகி வந்தது. வரவேற்பு மண்டபத்தில் சுருட்டியபடி நின்றது. அடுப்பு வரவில்லை.

இந்த நேரத்தில்தான் கனடாவிலிருந்து ஒரு குடும்பம் மேல்மாடி முழுவதையும் கேட்டது. திருவிழாவின் கடைசி நாட்களில் வந்து, தீர்த்தம் முடிய மட்டும் தங்குவார்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்கள்: சைவச் சமையல் புறம்பாக உண்டா? எங்கள் முகாமையாளர், "உண்டு" என்று பதில் போட்டு, கூடவே அந்தப் பதாகையின் படத்தையும் அனுப்பிவிட்டார்.

நான் அவருடைய அறைக்குப் போனேன்.

"சேர், அவங்க வரப்போறாங்க. கொட்டிலின்ட திறப்பைத் தாங்க, நாங்க துப்பரவாக்கித் தொடங்குறம்."

"ஏன் நீங்க இவ்வளவு டென்ஷனாகுறீங்க? மெயின் கிச்சன்லயே சமைச்சு, அந்த பேனருக்குக் கீழ வச்சுப் பரிமாறுவோம். கெஸ்ட்டுக்கு என்ன தெரியப் போகுது?"

"எங்களுக்குத் தெரியும் சேர்."

"பொசிடிவா யோசிங்க," என்றார்.

பொசிடிவாக யோசித்துக்கொண்டே குழாயடிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மறைத்திருக்கலாம். ஆனால் பொய்ச் சைவத்தை மேசைக்குத் தூக்கிக்கொண்டு போகப்போகிறவர்கள் அவர்கள்தான்.

"விரதகாரருக்குப் பொய் சொல்லிச் சோறு போடவா?" என்றார் மண்டூர் அண்ணன். "நான் தூக்க மாட்டன். என்னை வேலையால நிப்பாட்டட்டும்."

அக்கா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நீ என்ன புள்ள செய்வாய்," என்று மட்டும் சொன்னார், ஊரில் காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்த்துச் சொல்வது மாதிரி. அது எனக்குச் சுட்டது.

அடுத்த காலைக் கூட்டத்தில் முகாமையாளர் ஒரு நற்செய்தி சொன்னார். அவரை ஒரு தலைமைத்துவப் பயிற்சிக்கு மலைநாட்டுக்கு அனுப்புகிறார்களாம். ஊழியர்களின் யோசனைகளைச் செயலாக்குவது எப்படி என்பதுதான் பயிற்சியின் பொருள். நான் கற்பனை செய்து எழுதவில்லை. கற்பனையாக இருந்தால் இதைவிட நம்பும்படியாகச் செய்திருப்பேன். கனடாக் குடும்பம் வரும்போது அவர் இருக்கமாட்டார்.

வாகனத்தில் ஏறும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "வெஜ் எக்ஸ்பீரியன்ஸ நீங்க பாத்துக்குங்க. நீங்கதான் ஓனர்ஷிப் எடுக்கணும்."

"எடுக்கிறன் சேர்," என்றேன். "அப்ப கொட்டில் திறப்பு?"

அவசரத்தில் சாவியைத் தந்துவிட்டார்.

வாகனம் வாசலைத் தாண்டுவதற்குள் மண்டூர் அண்ணன் கொட்டிலைத் திறந்துவிட்டார். சிவப்புப் படகுகளை வெளியே இழுத்து, உள்ளே கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். செஃப் அண்ணன் தன் மேலதிக காஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அத அங்காலயே வையுங்க," என்றார் அக்கா. "அதிலதான் போன கிழம பன்றி வறுத்த நீங்க."

"கழுவினன்."

"நீங்க ஞானஸ்நானம் குடுத்தாலும் அது பன்றி வறுத்த அடுப்புத்தான்."

ஆகவே செங்கல் அடுப்பு. அதற்கும் ஒரு தகராறு. வாவிப் பக்கம் வைத்தால் கச்சான் காற்று புகையை அள்ளிக்கொண்டு நேரே மேல்மாடி அறைகளுக்குப் போகும். கொட்டிலின் பின்பக்கம், சுவர் மறைவில் வைத்தோம். சாமான்களும் அரிவதும் உள்ளே, அடுப்பு வெளியே. தென்னை மட்டையும் சிரட்டையும் தோட்டத்தில் கிடந்தன.

மிச்சம் சட்டி. மச்சம் படாத சட்டி அந்த ஹோட்டலில் எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே வரவேற்பு மண்டபத்தைக் கடந்தேன். அங்கே, மூலையில், மேசை மேசையாக அடுக்கி வைத்திருந்தார்கள்: மண்பானைகள், மண்சட்டிகள், மூடிகள், ஒரு கட்டு அகப்பை. 'உள்ளூர்க் கலாசாரம்' என்று முன்னால் ஒரு பலகை. வாங்கி வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாதவை. வர்ணம் பூசியவற்றை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் தூக்கினோம். பலகையையும் சுருட்டிய பதாகையையும் தொடவில்லை.

"புதுச்சட்டியில உடன கறி வச்சா வெடிக்கும்," என்று அக்கா அன்று பூராவும் அவற்றில் கஞ்சித் தண்ணி கொதிக்க வைத்தார். கலாசாரத்தை நெருப்பில் பழக்கிக்கொண்டிருக்கிறோம் என்று செஃப் அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்றிலிருந்து அவரும் மற்றவர்களும் மீன் பக்கம். விரதகாரர் எல்லாரும் கொட்டில் பக்கம்.

"நீங்க சாமியப் பாருங்க, நான் மீனப் பாக்கிறன்," என்றார். "ரெண்டு பேரும் எங்களக் கைவிடக் கூடாது."

கனடாக் குடும்பம் வந்தது. அவர்களை வழிநடத்திய அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். வந்த உடனேயே, நாற்காலியைக்கூட மணந்து பார்த்துவிட்டு உட்காரும் ரகம் என்று தெரிந்தது. மறுநாள் காலை சாப்பாட்டு மண்டபத்தில் இடியப்பம், சொதி, மாசி இல்லாத சம்பல். மண்டூர் அண்ணன் நெற்றியில் திருநீற்றோடு தட்டைக் கொண்டுபோய் வைத்தார். அந்த அம்மா இடியப்பத்தைத் தொடவில்லை.

"தம்பி, நீ எந்தக் கதவால வந்த?"

"குசினிக் கதவால அம்மா."

"அந்தக் கதவு திறந்தா மீன் பொரியிற மணம் வருது."

கொட்டிலிலிருந்து மண்டபத்துக்குச் சாப்பாடு வர அந்த ஒரு கதவுதான். மச்சக் குசினியின் நடுவால். அடுப்பைப் பார்த்தோம், சட்டியைப் பார்த்தோம், காற்றைக்கூடப் பார்த்தோம். வழியை ஒருவரும் பார்க்கவில்லை. மரத்தின் கீழ்க் கிளையில் அந்த இரண்டாவது கதவு மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா தட்டைத் தள்ளினார். மேசையில் இருந்த அத்தனை பேரும் கையை எடுத்துவிட்டார்கள். "பதாகை எல்லாம் அனுப்பினீங்க," என்றார் ஒருவர். "இண்டைக்கே வேற இடம் பாப்பம்," என்றார் இன்னொருவர். மண்டூர் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் மேசைக்குப் போனேன்.

"அம்மா, சமையல் இஞ்ச இல்ல. அடுப்பு புறம்பு, சட்டி புதுசு, சமைச்சவங்க எல்லாரும் விரதம். கொண்டுவந்த வழிதான் பிழை. அது எங்கட பிழை. வந்து பாருங்க, பாத்துப்போட்டு நீங்க முடிவெடுங்க."

அவர் எழுந்து வந்தார். மணலில் அவருக்கு முன்னால் நடந்துபோகையில் எனக்கு நிரந்தர வேலை நினைவுக்கே வரவில்லை. குழாயடிதான் நினைவில் இருந்தது.

கொட்டிலின் பின்னால் அக்கா அடுப்புக்கு முன் குந்தியிருந்தார். எழும்பவில்லை. வந்தவரை மேலிருந்து கீழே பார்த்தார்.

"செருப்பக் கழட்டிப்போட்டு வாங்க அம்மா."

சோதனை போட வந்தவர் செருப்பைக் கழற்றினார். அடுப்பைப் பார்த்தார், பானையைப் பார்த்தார், அகப்பையைக் கையில் எடுத்து மணந்தார்.

"சம்பலுக்கு மாசி?"

"மாசியா? இந்த இடத்தில அந்தச் சொல்லே சொல்லக் கூடாது. வாயக் கொப்புளிச்சுப்போட்டு வாங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். விருந்தினரிடம் எப்படிப் பேசக்கூடாது என்று எனக்கு இரண்டு வருடம் படிப்பித்திருந்தார்கள். அதில் பாதியை அக்கா ஒரு வசனத்தில் முடித்துவிட்டார்.

அந்த அம்மா சிரிக்கத் தொடங்கினார். "நீ எந்த ஊர்?" என்றார். "ஆரையம்பதி." "அதுதானே பாத்தன், வாய்." பக்கத்தில் கிடந்த கவிழ்த்த சிவப்புப் படகில் உட்கார்ந்துகொண்டு, "போடு" என்றார்.

கொஞ்ச நேரத்தில் குடும்பம் முழுவதும் கொட்டிலடிக்கு வந்துவிட்டது. மண்டபத்து மேசைகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே கொண்டுவந்தோம். மதியம் வாழையிலை போட்டபோது காற்று இலைகளைச் சோற்றோடு தூக்கப் பார்த்தது. ஒவ்வொரு இலையின் தலைமாட்டிலும் ஒரு தயிர்ச் சட்டியை வைத்தோம். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, முருங்கைக்கீரைச் சுண்டல். கடைசியில் இலையைப் பிடித்துக்கொண்டிருந்த தயிரும் முடிந்தது. அவர்கள் தீர்த்தம் முடிய மட்டும் இருந்தார்கள். மற்றப் பக்கத்தில் அந்த வருடம் மீன்கறியில் உப்புக் கூடவில்லை, பார்க்க வாய்கள் இருந்தனவே.

கடைசி நாள் முகாமையாளர் திரும்பி வந்தார். கையில் சட்டம் போட்ட சான்றிதழ். வரவேற்பு மண்டபத்தைக் கடக்கும்போது நின்றுவிட்டார்.

"உள்ளூர்க் கலாசாரம் எங்க?"

"பின்னால சமைச்சுக்கொண்டிரிக்கு சேர்," என்றேன்.

கொட்டிலடிக்கு வந்தார். நிறைந்த மேசைகளைப் பார்த்தார். கைதட்டினார். பதாகையை எடுத்துவரச் சொல்லி, அடுப்புக்கு மேலே கட்டச் சொல்லி, படம் எடுக்க ஆளைக் கூப்பிட்டார். பானைக்குள் கிடந்த அகப்பையை எடுத்துக்கொண்டு சமைப்பதுபோல நின்றார்.

"சேர், அகப்பைய வையுங்க," என்றார் அக்கா. "வந்ததும் வராததுமாக் குசினியில மீன்கறியும் சோறும் சாப்பிட்ட நீங்க. செஃப் அண்ணன் சொன்னவர்."

கனடா அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். முகாமையாளர் அகப்பையை வைத்தார். அந்தப் பானைச் சோறு கோழிக்குப் போனது. தலைமை அலுவலகத்துக்குப் போன படத்தில் அவர் வெறுங்கையோடுதான் நிற்கிறார்.

அடுத்த காலைக் கூட்டத்தில் எங்கள் இலைக்குத் தங்க நிறம் கிடைத்தது. "நான் போகும்போது சொன்னேன், ஓனர்ஷிப் எடுங்கன்னு. பாருங்க, ஒரு தலைவன் நம்பிக்கை வச்சா டீம் என்னெல்லாம் செய்யும்!" மூன்று கைதட்டல். பிறகு என்னை அறைக்கு அழைத்து, நான் முறையான நடைமுறையைப் பின்பற்றவில்லை என்றும், அனுமதி இல்லாமல் அலங்காரப் பொருட்களை நெருப்பில் வைத்தேன் என்றும், ஆகவே என் பரீட்சார்த்தக் காலத்தை நீடிக்க வேண்டியிருக்கிறது என்றும் கவலையோடு சொன்னார். பானைகளைத் திரும்பவும் வரவேற்பு மண்டபத்தில் அடுக்கச் சொல்லி, கொட்டிலைப் பூட்டித் திறப்பை வாங்கிக்கொண்டார். "அடுத்த வருஷம் பார்ப்போம். ஸ்டெப் பை ஸ்டெப்."

"சரி சேர்," என்றேன்.

அன்று தேத்தண்ணி நேரத்தில் அக்கா கோப்பைக்குள் ஊதிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டார்:

"ஏன் புள்ள, இத வெள்ளிக்கிழமையிலயும் செஞ்சா என்ன? டவுணில ஒபிஸ்காரர் வெள்ளிக்கு நல்ல மரக்கறிச் சாப்பாடு தேடி அலையிறாங்க."

"தவக்காலத்து வெள்ளியில எங்களுக்கும் இறைச்சி இல்ல," என்றார் செஃப் அண்ணன். "அப்ப என்னையும் உங்கட பக்கம் எடுங்க."

"மாசிய விட்டுப்போட்டு வாங்க, பாப்பம்."

"ஆனா ஆரு கதைக்கிற?" என்றார் மண்டூர் அண்ணன். மூவரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் கைதட்டவில்லை.

வெளியாருக்கு மதியச் சாப்பாடு பேசுவதும், யார் எங்கே நிற்பது என்று சொல்வதும் சுப்பர்வைசரின் வேலை, நிரந்தரமானவளாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். அன்று பின்னேரமே பஸ் ஏறி நகரத்துக்குப் போய் மூன்று அலுவலகங்களில் பேசினேன். இரண்டு அலுவலகங்கள் வருகிறோம் என்றன. ஒன்று, மாசி உண்டா என்று கேட்டது. அவர்களும் வருகிறார்கள்.

முகாமையாளர் பூட்டியது கொட்டிலை. அடுப்பு கொட்டிலுக்கு வெளியே, பின்சுவரோடு இருக்கிறது. இன்று வெள்ளி. செஃப் அண்ணனை மீனுக்குப் போட்டாயிற்று. பானைகளை மண்டபத்திலிருந்து மறுபடி எடுத்தாயிற்று. கூட்டத்துக்குப் போகும் வழியில் நானும் அக்காவும் பயற்றை ஊறப் போட்டுவிட்டோம்.